புயலுக்குப் பிறகு இலந்தை ஏன் புளிக்கிறது?

அரியாங்குப்பத்திலிருந்து நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2021-ல் ஒரு நர்சரியில் 'ஆப்பிள் இலந்தை' என்று சொல்லிக் கொடுத்த கன்று. இரண்டாம் வருஷமே கோழிமுட்டை அளவில் காய்த்தது. ஃபெஞ்சல் புயலில் முறிந்தது. தானாகத் துளிர்த்து இப்போது ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. ஆனால் இந்தத் தையில் காய்த்ததெல்லாம் சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிசு, வாயில் வைத்தால் புளிப்பு, பாதியில் புழு. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா, உப்புக்காற்றில் மண் கெட்டுவிட்டதா, என்ன உரம் போடுவது, இல்லை முள்மரம் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் சொல்வதைக் கேட்டு வெட்டிவிடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் அப்பாவின் சர்க்கரை வேறு. இத்தனைக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: அன்றைக்குத் தின்ற அந்தப் பழம் இந்த மரத்தில் திரும்ப வருமா?

வரும். ஆனால் உரத்தால் வராது, கத்தியால்தான் வரும். நான் தோட்டக்கலைத் துறையில் கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் 26 வருஷம் களப்பணியில் இருந்தவன். வீட்டில் இன்னமும் மூன்று இலந்தை நிற்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் மரத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய ஒரு படத்தில் இலைதான் தெரிகிறது, அடிமரம் தெரியவில்லை. அதனால் கீழே சொல்வதில் எது நிச்சயம், எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

ஒட்டுக்கன்று என்றால் ஒரு மரம் இல்லை, இரண்டு மரம். கீழே வேரும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத் தண்டும் நாட்டு இலந்தை. கொட்டை போட்டு முளைத்தது, முள்ளும் முரட்டுத்தனமும் அதற்கு. அதன் பட்டையைக் கீறி, பெரிய பழம் தரும் மரத்திலிருந்து ஒரே ஒரு மொட்டை (பூமொட்டு இல்லை, கிளையாகத் துளிர்க்கும் மொட்டு) எடுத்துச் செருகிக் கட்டுகிறார்கள். அந்த மொட்டு வளர்ந்ததுதான் நீங்கள் பழம் பறித்த மரம். புயலில் ஒட்டுக்கு மேலே முறிந்திருந்தால், மிச்சமிருந்த நல்ல கிளையிலிருந்து துளிர்க்கும். ஒட்டோடு பிய்த்துக்கொண்டு போயிருந்தால், கீழே இருக்கும் நாட்டு மரம் 'நான் இருக்கேன்' என்று கிளம்பிவிடும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் நடந்திருக்க வேண்டும். இது ஊகம்தான், ஆனால் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்த அந்தப் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஊறிப்போன மண்ணில் ஆழமாக வேர்விட்ட மரம் சாயாமல் நின்றிருக்கும், ஒட்டு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுத்திருக்கும். ஆகவே நர்சரிக்காரரை விட்டுவிடுங்கள். அவர் சொன்ன பழத்தை ஒருமுறையாவது நீங்கள் தின்றிருக்கிறீர்களே.

ஊகத்தை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம், ஐந்து நிமிஷ வேலை. மரத்தடியில் உட்கார்ந்து அடித்தண்டைக் கையால் தடவிப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் ஒரு புடைப்போ வளைவோ தட்டுப்படும். சில மரத்தில் அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறமே வேறாக இருக்கும். அதுதான் ஒட்டுக்கட்டிய இடம். இப்போது நிற்கும் கிளைகள் அதற்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. முள்ளையும் பாருங்கள். இலந்தையில் இலைக்காம்பின் அடியில் முள் ஜோடியாக இருக்கும், ஒன்று நேராக ஊசி போல, இன்னொன்று கொக்கி போல வளைந்து. நாட்டு மரத்தில் இந்த ஜோடி கணுவுக்குக் கணு நிற்கும். ஆப்பிள் ரகத்தில் அபூர்வம், இருந்தாலும் குட்டையாகக் கிடக்கும். இலையும் காட்டிக்கொடுக்கும். நாட்டிலை ஒரு ரூபாய் நாணயம் அளவு, நல்ல ரகத்தின் இலை உள்ளங்கையில் பாதி. அடிப்புறத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல இருப்பது இரண்டுக்கும் பொது, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இதே தப்பை நானே செய்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது என் வீட்டு உம்ரான் ரக இலந்தை அடியோடு பிளந்தது. பொங்கல் கழிந்து பார்த்தால் தளதளவென்று துளிர். அந்த வாரமெல்லாம் பண்ருட்டிப் பக்கம் விழுந்த பலாவையும் முந்திரியையும் கணக்கெடுத்துக்கொண்டு திரிந்தவன், வீட்டுக்கு வந்து அந்தத் துளிரைப் பார்த்ததும் மனசு இளகிப்போனேன். ஒன்றைக்கூடக் கிள்ளவில்லை. தண்ணீர் ஊற்றி, எரு வைத்து, இரண்டு வருஷம் வளர்த்தேன். மூன்றாம் வருஷம் கோலிகுண்டு அளவில் காய்த்தது. ஊருக்கெல்லாம் ஒட்டுக்கட்டச் சொல்லிக்கொடுத்த ஆள் காட்டுத்துளிரை வளர்த்த கதையை என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்கிறாள்.

இனி செய்ய வேண்டியது. மரத்தை வேரோடு எடுக்காதீர்கள். நாலைந்து வருஷ வேர் ஆழத்தில் தண்ணீரைப் பிடித்திருக்கிறது, அது பெரிய சொத்து. புதுக்கன்று வைத்தால் அந்த வேர் வர மறுபடி அத்தனை வருஷம் ஆகும். பழம் முடிந்ததும், பங்குனி சித்திரை வாக்கில், தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடி விட்டு அறுத்துவிடுங்கள். வாள் கூராக இருக்கட்டும், வெட்டு சற்றே சரிவாக இருக்கட்டும்; வெட்டிய வாயில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க போர்டோ பசையோ காப்பர் ஆக்ஸிகுளோரைடு குழம்போ பூசுங்கள். சில வாரத்தில் பத்துப் பதினைந்து துளிர் கிளம்பும். தடிமனாக, வெவ்வேறு பக்கம் பார்த்து நிற்கும் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியை ஒடித்துப் போடுங்கள். நான் இளகிய இடத்தில் நீங்கள் இளகக் கூடாது.

அந்த மூன்றும் ஆனி ஆடியில் பென்சில் கனம் வந்திருக்கும். அதுதான் மொட்டு ஒட்டு கட்டும் பருவம். பட்டை உரித்தால் ஈரமாக, வழுக்கிக்கொண்டு கழன்று வர வேண்டும். ஒட்டிக்கொண்டு கிழிந்தால் இரண்டு நாள் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். மொட்டுக்குச்சி எடுக்கும்போது ரகத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். தாய் ஆப்பிள், காஷ்மீர் ஆப்பிள் என்று எத்தனையோ வியாபாரப் பெயர். எந்த மரத்தின் பழத்தைத் தின்று பிடித்ததோ அந்த மரத்துக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே வெட்டிய குச்சி, ஈரத்துணியில் சுற்றி வர வேண்டும். இலையை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் அரை விரல்கடை விட்டு வைக்க வேண்டும். அந்தக் காம்பில்தான் சூட்சுமம். ஒரு அங்குல நீளத்துக்குக் கேடயம் போல மொட்டைச் சீவி, நாட்டுத் துளிரில் ஆங்கில 'டி' எழுத்துப்போலக் கீறிய பட்டைக்குள் இறக்கி, மொட்டின் கண் வெளியே தெரிய பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறோம் அல்லவா, பதினைந்து இருபது நாள் கழித்து அந்தக் காம்பை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பழுத்த இலை போலப் பட்டென்று உதிர்ந்தால் மொட்டு பிடித்துக்கொண்டது. கருகிச் சுருங்கி, தொட்டாலும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் மொட்டு செத்துவிட்டது, அடுத்த பக்கத்தில் திரும்பக் கட்டுங்கள். பிடித்த பிறகு மொட்டுக்கு மேலே உள்ள நாட்டுத் துளிரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி நீக்கலாம். மொத்தத்தையும் ஒரே நாளில் வெட்டாமல் இருப்பது என் பழக்கம். வேறு ஆட்கள் ஒரேயடியாகவே வெட்டுகிறார்கள், அதுவும் பலிக்கிறது. கத்தி பழகாத கை என்றால் குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒட்டுக்கட்டும் ஆளை விசாரியுங்கள். மூன்று மொட்டுக்காகத் தயங்காதீர்கள், கேட்டால் வழி காட்டுவார்கள்.

பழைய வேரின் பலத்தில் அடுத்த வருஷமே கொஞ்சம் காய் பார்க்கலாம். அதற்குப் பிறகு வருஷா வருஷம் கவாத்து, அதாவது கிளை கழித்தல். இலந்தை பூப்பது அந்தந்த வருஷம் விட்ட புதுத்துளிரில், இலைக்கக்கத்தில். பழைய கொம்பில் பூக்காது. வெட்டாமல் விட்ட மரம் உச்சியில் மட்டும் நாலு புதுக்குச்சி விட்டு அங்கே மட்டும் சின்னக் காயாகக் காய்க்கும், பறிக்கவும் எட்டாது. அதனால் போன வருஷக் கிளைகளில் பாதி நீளத்தைப் பங்குனி சித்திரைக்குள் கழித்துவிடுங்கள். வடநாட்டு வீடியோக்களில் மே கடைசியில் வெட்டச் சொல்வார்கள், அது அவர்கள் பருவம். அங்கே பழம் மாசி பங்குனியில் வருகிறது, நமக்குத் தையிலேயே முடிந்துவிடும். நாம் ஆனி வரை இழுத்தால் துளிர் முற்றுவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து நின்றுவிடும்.

புழுவுக்கு வருகிறேன். கொட்டையைச் சுற்றி வெள்ளையாக நெளிகிறது, பழத்தின் வெளியே ஊசிமுனை அளவு புள்ளியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது இலந்தைப் பழஈ. நாடு, ஆப்பிள் என்று பார்க்காது. ஒட்டு மாற்றினாலும் அது போகாது. தாய் ஈ காய் பிஞ்சைத் தாண்டியதும் தோலுக்கடியில் முட்டையைச் செருகிவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, பழம் விழுந்ததும் வெளியேறி மண்ணில் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். பழத்துக்குள் போன புழுவை எந்த மருந்தாலும் வெளியே எடுக்க முடியாது. வீட்டு மரத்துக்கு மருந்தடிக்கவே நான் சொல்ல மாட்டேன், காரணம் பிள்ளைகள் பறித்த கையோடு வாயில் போடுவார்கள். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் மூழ்கடித்து, இரண்டடிக் குழியில் புதையுங்கள். எருக்குழியில் மட்டும் போடாதீர்கள், அது புழுவுக்கு விடுதி கட்டிக் கொடுப்பது. கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் வெந்துவிடும். நாட்டுக்கோழி நாலு இருந்தால் புரட்டின மண்ணில் அவை செய்யும் வேலை நம்மால் ஆகாது. மாந்தோப்பில் தொங்கவிடும் பழஈப் பொறியை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அந்த வாசனைக்கு வரும் ஈ வேறு இனம். பக்கத்து மனையில் காட்டு இலந்தைப் புதர் இருந்தால் அதுதான் தலைமையகம். மனைக்காரரிடம் பேசிப் பாருங்கள். கார்த்திகை மார்கழிப் பனியில் பிஞ்சின் மேல் விபூதி பூசினாற்போல வருவது தனி நோய், சாம்பல் நோய். அதற்கு மட்டும் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம், பிஞ்சுப் பருவத்திலேயே, வெயில் தாழ்ந்த பிறகு.

மண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். மணல், கேப்பர் மலைச் செம்மண், சிதம்பரத்துக் களி, கொஞ்சம் உப்பு, எல்லாம் இதற்கு ஒன்றுதான். பெரிய மரத்துக்கு வருஷம் ஒரு தடவை, கவாத்து முடிந்ததும், 20 முதல் 30 கிலோ தொழுவுரம் போதும். பழம் பழுக்கும் வாரங்களில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சப்பென்று போகும்.

மகரந்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். இலந்தையில் பல ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒற்றை மரம் பூத்துக் குலுங்கிவிட்டுக் காய் பிடிக்காமல் நிற்பதை எத்தனையோ கொல்லையில் பார்த்திருக்கிறேன். மூன்று துளிர் விடச் சொன்னது அதற்காகவும்தான். இரண்டில் ஆப்பிள், ஒன்றில் உம்ரானோ பனாரசியோ கட்டுங்கள். பூவுக்கு நல்ல வாசனை கிடையாது, சாக்கடைப் பக்கம் வருகிற மாதிரி ஒரு நெடி. அந்த நெடிக்கு வரும் வீட்டு ஈயும் குளவியும்தான் மகரந்தம் சுமக்கின்றன. படுக்கையறை ஜன்னலோரம் இருந்தால் ஆவணி புரட்டாசியில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் சர்க்கரை. நான் வைத்தியன் இல்லை. எனக்குத் தெரிந்தது பழத்தைப் பற்றி மட்டும். வைட்டமின் சி 100 கிராமில் சுமார் 70 மில்லிகிராம், ஆரஞ்சை விட அதிகம், கொய்யாவை விட நன்றாகவே குறைவு. இனிக்கிற பழத்தில் சர்க்கரை இருக்கும், காயவைத்தால் அது இறுகிக் கூடும், வைட்டமின் சி குறையும். செங்காயாக நாலைந்து என்பதும் காய்ந்த இலந்தை ஒரு கைப்பிடி என்பதும் ஒரே கணக்கில்லை. அளவை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் 'ஜுஜுபி விதை தூக்கம் வரவழைக்கும், சர்க்கரையைக் குறைக்கும்' என்று இருக்கிறதே, அது சீனத்து மரம். சிசிபஸ் ஜுஜுபா, குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும் மரம், சிவப்பாக உலர்ந்து பாக்கெட்டில் வருவது. நம்முடையது சிசிபஸ் மௌரிட்டியானா. பங்காளிகள்தான், ஆனால் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. நம் பேச்சில் அற்ப விஷயத்தை ஜுஜுபி என்கிறோம். அந்தச் செய்திக்கு அந்தப் பட்டம் பொருத்தம்.

இலையைத் தண்ணீரில் கசக்கினால் நுரை வரும், அது உண்மை. பரங்கிப்பேட்டைப் பக்கம் இஸ்லாமியர் வீடுகளில் இறந்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரில் இலந்தை இலை சேர்ப்பார்கள், அதற்காகவே ஒரு மரத்தை விட்டுவைத்த வீடுகள் உண்டு. தலைக்குத் தேய்த்தால் அழுக்கு போகும். முடி வளருமா என்று கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

முள்மரம் வீட்டுக்கு ஆகாது என்பதற்கு வருவோம். நம்பிக்கைக்கு நான் சான்றிதழ் தர முடியாது. கீழ்வேளூரிலும் பவானியிலும் சிவன் கோயில் தலமரமே இலந்தைதான் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். கோயிலில் இருப்பது வேறு, வீட்டில் இருப்பது வேறு என்று அவர் சொல்லக்கூடும், அதிலும் ஒரு நியாயம் உண்டு. கவாத்து செய்த முள்குச்சி ஒன்று மண்ணில் கிடந்து வெறுங்காலில் ஏறினால் தெரியும். வெட்டிய அன்றைக்கே கூட்டிப் பெருக்கி அப்புறப்படுத்துங்கள், அல்லது வேலிக்கு வைத்துவிடுங்கள்.

கடைசியாக, இந்த வருஷத்துப் புளிப்புக் காயை எறிந்துவிடாதீர்கள். இலந்தை வடைக்கு ஆப்பிள் ரகம் ஆகவே ஆகாது, தண்ணீர்ச் சத்து அதிகம், புளிப்பு இல்லை. தென்பெண்ணை ஆற்றுத் திருவிழாவில் கூறு கட்டி விற்கும் சின்ன, சிவந்து சுருங்கிய நாட்டுப் பழம்தான் அதற்கு. ஒவ்வொன்றையும் பிட்டு, புழு இல்லாததாகப் பார்த்து ஒரு கிலோ எடுங்கள். பத்துக் காய்ந்த மிளகாய், எலுமிச்சை அளவு புளி, கல்லுப்பு, பெருங்காயம், 100 கிராம் வெல்லம். எல்லாவற்றையும் உரலில் போட்டு, கொட்டை நொறுங்கும் சத்தம் நிற்கும் வரை இடிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் பிளேடு போகும், எங்கள் வீட்டில் போயிருக்கிறது. சிறு வடையாகத் தட்டி நாலு நாள் மாசி வெயிலில் காயவைத்தால் வருஷம் முழுக்க இருக்கும். கொட்டைத் துணுக்கு பல்லில் மாட்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வெல்லம் இருப்பதால் அப்பாவுக்கும் வேண்டாம்.

இது பிடித்துப்போனால் மூன்று துளிரோடு நாலாவதாக ஒரு நாட்டுத் துளிரையும் விட்டுவையுங்கள், மதில் பக்கம் பார்த்து நிற்பதாக. ஒட்டு ரகத்தை விட அது வேகமாக ஓடும். ஆடியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை நுனியைக் கிள்ளி, மற்ற மூன்றையும் விட ஒரு முழம் தாழ்வாகவே வைத்துக்கொள்ளுங்கள்.